அறுபதாயிரத்துக்குள் ஒரு பழைய கார்: பார்ப்பதிலிருந்து கழிப்பது வரை

அறுபதாயிரம் ரூபாய் காரைப் பார்க்கப் போனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பேப்பர், அடுத்து துரு, அப்புறம் கூலிங், கடைசியில்தான் எஞ்சின். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் பார்க்கிறார்கள். பானெட்டைத் திறந்து, ஆக்சிலேட்டரை மிதித்துச் சத்தம் கேட்டு, தலையாட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆர்.சி. புக்கை வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படிக்கிறார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் கெட்ட எஞ்சினைத் தேற்றுவது பெரிய காரியமில்லை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத்துக்குப் பஞ்சமா? ஹெட் ஃபேஸிங், வால்வு கிரைண்டிங், ரீபோர் எல்லாமே நடக்கும். இறந்துபோன ஓனர் பெயரில் நிற்கும் ஆர்.சி.யையும், அடித்தகரம் அரித்துப்போன பாடியையும் எந்த லேத்திலும் கடைந்து சரிசெய்ய முடியாது.

பணத்தைப் பிரிப்பது

கையில் அறுபதாயிரம் இருந்தால் நாற்பதாயிரத்துக்கு வண்டி பாருங்கள். பத்தாயிரம் பேப்பருக்கு, மீதிப் பத்தாயிரம் வாங்கிய முதல் வாரத்துக்கு. முழுப் பணத்துக்கும் வண்டி வாங்கினால் எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றப் பணம் இருக்காது. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று ஓட்டி, அது பெருந்துறை பைபாஸில் அறுந்து நிற்கும்.

இந்த விலைக்கு மாருதி 800, ஆல்டோ, ஜென், ஆம்னி, பழைய வேகன் ஆர், சான்ட்ரோ போதும். 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, ஆனாலும் அதன் சாமான் தாராபுரத்திலும் அந்தியூரிலும் கூடக் கிடைக்கும். மேட்டிஸ், ஓப்பல் கோர்சா, பேலியோ போன்றவை இதே விலைக்கு நல்ல நிலையில் வரும், ஆசைப்படக் கூடாது. ஒரு டோர் கண்ணாடி மெஷினுக்கு ஒரு மாதம் அலைய வைக்கும். டீசல் இண்டிகா மலிவாக வரும். மாதம் 1500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவருக்கு மட்டும்தான் அது கட்டும்; பம்ப், நாசில் வேலை ஒரு தடவை வந்தால் மிச்சம் பிடித்த டீசல் காசு அத்தனையும் அதிலேயே போய்விடும். மஞ்சள் போர்டில் ஓடி வெள்ளைக்கு மாறிய வண்டியா என்று ஆர்.சி. வரலாற்றில் பாருங்கள். அப்படி இருந்தால் மீட்டர் காட்டும் எண்ணை மறந்துவிடலாம். அம்பாசடர் ஆசை வேறு கணக்கு, அதைக் குடும்பச் செலவில் எழுதக் கூடாது.

பேப்பர்: இங்கேதான் பணம் ஒளிந்திருக்கிறது

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே நம்பரை வாங்கி அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். ஆர்.சி. எதுவரை லைவ் (செல்லுபடி), இன்சூரன்ஸ் உண்டா, ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) நிற்கிறதா, எத்தனையாவது ஓனர், இ-சலான் நிலுவை உண்டா, அத்தனையும் ஐந்து நிமிட வேலை.

சொந்தக் காரின் பதிவு முதல் 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், நம் பக்கம் இதைத்தான் "எஃப்.சி." என்கிறோம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 வருடம் தாண்டிய காருக்கு அது 10,000 ஆனது. தவறவிட்டால் மாதத்துக்கு 500 தாமதக் கட்டணம், மேலே பசுமை வரி, டிங்கரிங், பெயின்ட், லைட் என்று எஃப்.சி.க்குக் காட்ட ஆகும் செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பதாயிரத்துக்கு ஒரு 2004 ஜென் வருகிறது, ஆர்.சி. முடிந்து பத்து மாதம். 10,000 கட்டணம், 5,000 தாமதம், வண்டியைக் காட்டும் அளவுக்குத் தேற்ற இன்னும் பத்து. அதே ஜென் இன்னும் நாலு வருடம் லைவில் இருந்து நாற்பத்தைந்தாயிரம் சொன்னால் இரண்டாவதுதான் மலிவு. எஃப்.சி. எடுத்துத் தருவதாக வாயால் சொல்வதற்கு விலை கிடையாது. எடுத்த பிறகு மீதிப் பணம் என்று எழுதிக் கொடுத்தால் பேசலாம்.

ஹெச்.பி. நிற்கும் வண்டியில் ஜாக்கிரதை. கடன் கட்டி முடிந்திருக்கலாம், ஆனால் ஃபாரம் 35-இல் கையெழுத்துப் போட வேண்டிய ஊர் ஃபைனான்ஸ் கம்பெனி மூடிப் பத்து வருடம் ஆகியிருக்கும். ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது விற்கிறவர் பொறுப்பு. ஓனர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றும் ஃபாரம் 31-உம் வேண்டும், முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும், பிறகு உங்களுக்கு. கையெழுத்துப் போட்ட வெறும் ஃபாரத்தோடு மூன்று கை மாறி வந்த வண்டி கொங்கு நாட்டில் ஏராளம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விவரமான ஓனர் என்றால் அவரே உங்களைப் பெயர் மாற்றச் சொல்லித் துரத்துவார்.

சேஸிஸ் நம்பரை வண்டியில் கண்ணால் பாருங்கள். மாருதியில் பெரும்பாலும் பானெட்டைத் திறந்ததும் ஃபயர்வாலில் குத்தியிருக்கும். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பர் மாறியிருந்தால் எஞ்சின் மாற்றி ஆர்.சி.யில் ஏற்றவில்லை என்று பொருள். கேஸ் மாட்டியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், டேங்க் டெஸ்ட் தேதியும் செல்லுபடியாக வேண்டும். சமையல் சிலிண்டர் வைத்து ஓடிய ஆம்னி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

டெல்லிப் பக்கம் பழைய வண்டிகளுக்கு இருப்பது போன்ற தடை இங்கே கிடையாது. அதனால் அங்கிருந்து வண்டி இறங்குகிறது. ஃபாரம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, ஆர்.டி.ஓ. அலைச்சல் எல்லாம் சேர்த்தால் நாற்பதாயிரம் ரூபாய் வண்டியில் அந்த லாபம் நிற்காது. வாளையாறு தாண்டி வரும் கேரள வண்டிக்கும் இதே கணக்குத்தான்.

துரு

கொங்கு மண் வறண்டது, அதனால் இங்கேயே பிறந்து வளர்ந்த வண்டியின் தரைத்தகரம் நின்றிருக்கும். கடலோரத்தில் ஓடியதும், சென்னை வெள்ளத்தில் நின்றதும் வேறு. டி.என். 37, 39, 33 என்று கொங்கு நம்பரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம், ஓனர் எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தால் கடைசி ஒரு அடியில் சேற்றுக்கோடு தெரியும். சீட் ரெயில் போல்ட்டில் செம்மண் நிறத் துரு, கார்பெட்டுக்கு அடியில் புளித்த வாசம்: வெள்ளத்தில் நின்ற வண்டி.

கால் மிதியை (ஃப்ளோர் மேட்) தூக்கி டிரைவர் கால் வைக்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். தகரம் உள்வாங்கினால் கதை முடிந்தது. அடுத்து ரன்னிங் போர்டு, ஸ்டெப்னி குழி, பேட்டரித் தட்டுக்குக் கீழே, முன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) மேலே போல்ட் பிடிக்கும் இடம், பின்பக்க சஸ்பென்ஷன் பிடி. ஆம்னியில் ஸ்லைடிங் டோரின் கீழ் விளிம்பு. துணி சுற்றிய காந்தம் ஒன்று போதும், பட்டி (பள்ளத்தை அடைக்கும் பூச்சு) போட்ட இடத்தில் ஒட்டாது. டோரில் பட்டி இருந்தால் பரவாயில்லை. அப்ரானிலும் (எஞ்சின் அறையின் பக்கத் தகரம்) பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூண்) கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியாமல் பட்டியோ புதுப் பேஸ்டிங்கோ இருந்தால் பெரிய அடி வாங்கிய வண்டி.

காலையில், குளிர்ந்த எஞ்சின்

முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்.

"அண்ணா, காலையில ஏழு மணிக்கு வர்றனுங்க. அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க."

"அதுக்கென்னங்க தம்பி, வாங்க. ஒரே செல்ஃப்புல எந்திரிச்சுக்கும்."

போனதும் முதலில் கையை வைக்க வேண்டியது பானெட் மேல். சூடாக இருந்தால் "சரிங்ணா, நாளைக்கு வர்றோம்" என்று திரும்பிவிடலாம். சூடேற்றி வைத்த வண்டியில் பாதிக் குறை தெரியாது.

ஆறிய ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தால் நல்லது. செம்மண் கரைசல் போல் இருந்தால் வருடக்கணக்கில் போர் தண்ணியில் ஓடிய வண்டி. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்) சந்தேகம். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெள்ளை நுரை இருந்தாலும் அதே சந்தேகம்தான், ஆனால் பால் வாங்கவும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியிலும் லேசாக வரும். மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். இடைவிடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணிக்குள் போகிறது. விலையில் ஹெட் வேலையைக் கழியுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

மூடியைப் போட்டுவிட்டு, எஞ்சின் சூடேறும்வரை பதினைந்து நிமிடம் நிறுத்தியே ஓட விடுங்கள். ஃபேன் தானாகப் போட்டு, தானாக நிற்க வேண்டும். டேஷ்போர்டில் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் இருந்தால் யாரோ சென்சாரைச் சரிசெய்யாமல் ஒயர் இழுத்திருக்கிறார்கள். "தெர்மோஸ்டாட் வேண்டாம், எடுத்து வீசிட்டோம், கூலா ஓடும்" என்பது நம்மூர் மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். சூட்டுக்கு ஏற்பத் தண்ணி ஓட்டத்தைத் திறந்து மூடும் அந்த வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

புகையைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல், அதற்குச் செலவு கம்மி. மிதிக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் மூடியைக் கழற்றினால் ரயில் எஞ்சின் போல் மூச்சு விடும். சந்தேகம் வந்தால் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் காட்டும் மீட்டர்) வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட வேண்டும், தங்களுக்குள் 15-க்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

பேட்டரியில் மீட்டர் வைத்தால் நிற்கும்போது 12.4-க்குக் குறையாமல், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

மூன்றாவது கியரில் ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளட்ச்சை விடுங்கள். வண்டி அணைய வேண்டும்; அணையாமல் உறுமினால் கிளட்ச் பிளேட் போச்சு. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடிக்கும்போது கட்கட்கட் என்று வந்தால் சி.வி. ஜாயின்ட் (முன் சக்கர அச்சின் மூட்டு) தேய்வு. இரண்டாவது கியரில் கறமுறவென்றால் கியர்பாக்ஸில் சின்க்ரோ தேய்வு. பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். பெடல் மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் ரப்பர் மேடு) எவ்வளவு இருந்தாலும் ஏழெட்டு வருடம் தாண்டிய டயரை வைத்து நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

விலை, கைமாற்றம்

நாலு டயர் பத்தாயிரம், பேட்டரி நாலாயிரம் என்று ஆகும் செலவை மட்டும் சொல்லிக் கழியுங்கள். வண்டியைக் குறை சொல்லத் தேவையில்லை. கொங்குப் பேரத்தில் மரியாதையாகக் கேட்பவருக்குத்தான் கடைசி இரண்டாயிரம் குறையும். அட்வான்ஸ் இரண்டாயிரத்தோடு நிற்கட்டும்.

ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30, ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாளச் சான்று, இரண்டு சாவி. வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அந்த மணி வரை நடந்ததற்கு விற்றவர், பிறகு நீங்கள் என்பது உங்கள் இருவருக்குள் எழுத்து; சட்டப்படி பெயர் மாறும்வரை ஆர்.சி.யில் இருப்பவர்தான். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸைப் பெயர் மாற்றவும் 14 நாள்தான். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. இந்த வயது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதும். 2022 ஜூனில் அறிவித்த அடிப்படைத் தொகை 1000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416. ஜென் 993 சி.சி., சான்ட்ரோ ஜிங் 1086. வருடா வருடம் ஆகும் இந்த வித்தியாசத்தையும் வாங்கும்போதே நினையுங்கள்.

முதல் வாரம்

1. ஆயிலும் ஃபில்டரும். 800, ஆல்டோவுக்கு 20டபிள்யூ-40 மூன்று லிட்டர் டின் ஒன்று போதும், முழுக்கக் கவிழ்க்காமல் டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது வடித்து, வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்; தங்கப்பொடி போல் மினுங்கினால் பேரிங் தேய்கிறது. அடுத்த மாற்றம் 1000 கிலோமீட்டரில், பிறகு 5000-க்கு ஒரு தடவை.

2. கூலிங். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்துப் போர் தண்ணி உப்பு. கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டுவது போலவே ரேடியேட்டர் குழாயிலும் கட்டும். குழாய் ஒவ்வொன்றாக அடைபட்டு, சித்திரை வெயிலில் ஒரு நாள் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். தண்ணி தெளிவாக வரும்வரை ஃப்ளஷ் செய்து, புது தெர்மோஸ்டாட் போட்டு, பேட்டரித் தண்ணியும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. ஹோஸ், கிளிப் எல்லாம் புதுசு. மூடியை மறக்க வேண்டாம்: 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால் தண்ணி 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்தால் நூறிலேயே கொதித்து வெளியே போய்விடும்.

3. டைமிங் பெல்ட், டென்ஷனர். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம், கிராங்க் ஆயில் சீலையும் அதே கூலியில் மாற்றுங்கள்; சீல் கசிந்து எண்ணெய் பட்டால் புதுப் பெல்ட்டும் ஊறிப்போகும். வாட்டர் பம்ப் ஆடினால் அதையும்.

4. பெட்ரோல் லைன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி வெடிக்கும். டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் துண்டும் எத்தனால் தாங்கும் ரகமாக மாறட்டும், ஃபில்டரும் புதுசு. கார்புரேட்டர் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்து, மிதவைக் கிண்ணத்தில் பச்சைப் படிவு கட்டும். வாரம் ஒரு நாளாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

5. நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக் லைனர், பின் வீல் சிலிண்டர் கசிவு, பிரேக் ஆயில் பாருங்கள். கறுத்திருந்தால் முழுக்க வடித்து டாட் 3 ஊற்றி ஏர் எடுக்க வேண்டும்.

பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி எர்த் ஒயர் சுத்தம் இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. பெயின்ட், சீட் கவர், மியூசிக் செட் எல்லாம் ஆறு மாதம் கழித்து.

ஓட்டுவது

ஞாயிறு காலை எஞ்சின் சூடாவதற்கு முன் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று. டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணி, ஃபேன் பெல்ட், இரண்டு ஹோஸ் கிளிப், ஃபியூஸ், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். கிளட்ச் கேபிள் வழியில் அறுந்தால் தள்ள வேண்டாம். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, சாலை காலியானதும் சாவியைத் திருப்புங்கள். வண்டி குலுங்கி நகர்ந்து ஸ்டார்ட் ஆகும். வேகம் கூடியதும் ஆக்சிலேட்டரை விட்ட அந்த நொடியில் இரண்டாவதை மெதுவாகத் தள்ளினால் விழும். மெக்கானிக் கடை வரை அப்படியே போய்விடலாம். நிறுத்த வேண்டி வந்தால் நியூட்ரலுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரங்கட்டுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் இறங்காவிட்டால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணி ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

மலைக்குப் போவதென்றால் ஏறுவதைவிட இறங்குவதில் கவனம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்குக்கு வரும். லைனர் காய்ந்து கருகல் வாசம் வரும், பிறகு பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. வாசம் வந்த உடனே ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணி ஊற்ற வேண்டாம்.

எப்போது விடுவது

ரிங் வேலை மட்டும் வந்தால், தகரம் நன்றாக இருக்கும்வரை செய்யலாம். தரைத்தகரம், ஸ்ட்ரட் பிடி இரண்டும் அரித்து, எஃப்.சி.யும் முடிகிற வருடம் வந்தால் பட்டி போட்டு இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கு அப்படியே கொடுத்தால் உங்கள் பெயரிலுள்ள ஆர்.சி. உயிரோடு இருக்கும், அந்த சேஸிஸ் நம்பரில் வேறு வண்டி ஓடலாம். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். பிறகு எம்-பரிவாகனில் அதே நம்பரைப் போட்டு, பதிவு ரத்து என்று காட்டும்வரை அந்தச் சான்றிதழும் டெலிவரி நோட்டும் ஃபைலில் இருக்கட்டும்.